கபாச்சியைக் கடக்கும் கார்கள்

நண்பர் ஒருவர் தம் சிசிலிப் பயணத்தைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரையைச் சென்ற மாதம் வாசித்தேன். நல்ல கட்டுரை என்பதில் ஐயமில்லை. பலெர்மோ அரண்மனையின் சிற்றாலயத்தில் அரபுத் தச்சர்களின் மரக்கூரையும் பைசாந்தியப் பொன்மணிச் சித்திரங்களும் லத்தீன் வழிபாடும் ஒரே கூரையின்கீழ் எப்படிக் கூடின என்பதைப் பொறுமையாக விளக்கியிருந்தார். பல்லரோ சந்தையின் கூவல்களுக்கு மூன்று பத்திகள். பொரித்த கடலைமாவு வில்லைக்கு ஒரு முழுப்பத்தி. (அது நம்மூர் பஜ்ஜிக்கு உறவு என்ற அவருடைய கண்டுபிடிப்பை நான் ஏற்கவில்லை. அது வேறு சண்டை.) ஆனால் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வந்த பயணத்துக்கு அவர் அளித்த இடம் இரண்டு வரி. முன்பதிவு செய்திருந்த கார் காத்திருந்தது, ஓட்டுநர் கண்ணியமானவர், முக்கால் மணி நேரத்தில் விடுதிக்கு வந்துவிட்டோம், இடையில் சொல்லிக்கொள்ளும்படி ஏதுமில்லை என்று முடித்துவிட்டார்.

அந்தக் கடைசிச் சொற்றொடருக்கு எதிராகவே இதை எழுதுகிறேன். நண்பர் மீது எனக்குக் கோபமில்லை. கோபம் இருக்கிறது, ஆனால் அவர் மீது மட்டுமில்லை. நானும் அதையே செய்தவன்.

பலெர்மோவின் விமான நிலையம் நகருக்கு மேற்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில், கடலுக்கும் செங்குத்தான மலைக்கும் நடுவே புந்தா ராய்சி என்ற முனையில் இருக்கிறது. அதன் பெயரை நண்பர் எழுதவே இல்லை. ஃபால்கோனே - பொர்செல்லீனோ விமான நிலையம். இருவரும் நீதித்துறையைச் சேர்ந்தவர்கள், இருவரும் பலெர்மோவில் பிறந்தவர்கள், இருவரும் 1992இல் 57 நாள் இடைவெளியில் கொல்லப்பட்டவர்கள். முதலாமவர் கொல்லப்பட்டது எங்கே? விமான நிலையத்திலிருந்து நகருக்குச் செல்லும் ஏ29 நெடுஞ்சாலையில், காரில் வந்துகொண்டிருந்தபோது. அதாவது நண்பர் வந்த அதே வழியில், அதே திசையில், அதே வகைப் பயணத்தில். சொல்லிக்கொள்ளும்படி ஏதுமில்லாத இடம் அதுதான்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இது தெரியாமல் என் வாதம் வெறும் உபதேசமாகிவிடும்.

1992 மே 23, சனிக்கிழமை. ஜொவான்னி ஃபால்கோனேக்கு ஐந்து நாள் முன்புதான் 53 வயது நிறைந்திருந்தது. அப்போது அவர் ரோமில் நீதி அமைச்சகத்தில் பணியாற்றிவந்தார். வார இறுதிக்குத் தம் ஊருக்குத் திரும்பும் வழக்கமுடையவர். அன்று மாலை அரசு விமானத்தில் மனைவி பிரான்செஸ்கா மொர்வில்லோவுடன் இறங்கினார். அந்த அம்மையாரும் நீதிபதி. மூன்று ஃபியட் குரோமா கார்கள் காத்திருந்தன. முன்னே செல்லும் பழுப்பு நிறக் காரில் மூன்று காவலர்கள்: அந்தோனியோ மொந்தினாரோ, ரொக்கோ திச்சில்லோ, வீத்தோ ஸ்கிஃபானி. முறையே 29, 30, 27 வயது. பின்னே வரும் நீல நிறக் காரில் இன்னும் மூவர். நடுவே வெள்ளைக் கார். அதை ஓட்டவேண்டியவர் ஜுசெப்பே கொஸ்தான்சா என்ற ஓட்டுநர். ஆனால் ஃபால்கோனேக்குத் தாமே ஓட்டுவது பிடிக்கும். அவர் முன்னிருக்கையில் அமர்ந்து வண்டியை எடுத்தார், மனைவி பக்கத்தில் அமர்ந்தார், ஓட்டுநர் பின்னிருக்கைக்குப் போனார்.

கபாச்சி ஊருக்கு அருகே, நெடுஞ்சாலைக்கு அடியில் செல்லும் மழைநீர்க் குழாயினுள் சுமார் 500 கிலோ வெடிமருந்து காத்திருந்தது. குழாய் ஆள் நிமிர்ந்து நுழைய முடியாதபடி குறுகல். ஆதலால் சிறுவர்கள் விளையாடும் சக்கரப்பலகையில் படுத்து நகர்ந்து பீப்பாய்களை உள்ளே தள்ளியிருந்தார்கள். எதிரேயுள்ள குன்றின் மேல் ஜொவான்னி புரூஸ்கா தொலைவிசையுடன் நின்றான். கார் எங்கே வரும்போது அழுத்தவேண்டும் என்பதற்குச் சாலையோரம் ஒரு பழைய குளிர்பெட்டி அடையாளமாக வைக்கப்பட்டிருந்தது. விமான நிலையத்திலிருந்து கார்கள் கிளம்பியதும் ஒருவன் இணைச்சாலையில் வேறொரு காரில் அவற்றோடு வந்தபடி தொலைபேசியில் தகவல் சொன்னான்.

கடைசி நொடிகளில் நடந்தது எந்தப் புனைகதையாசிரியனும் எழுதத் தயங்கும் விஷயம். பின்னிருக்கையிலிருந்த ஓட்டுநர், இறங்கிய பிறகு காரை எடுத்துச்செல்ல எனக்குச் சாவி வேண்டுமே என்று கேட்கிறார். யோசனையில் இருந்த ஃபால்கோனே ஓடும் வண்டியிலிருந்தே சாவியை உருவிப் பின்னால் நீட்டுகிறார். என்ன செய்கிறீர்கள், செத்துவிடுவோம் என்று ஓட்டுநர் பதறுகிறார். இவர் மன்னிப்புக் கேட்கிறார். அதற்குள் வண்டியின் வேகம் குறைந்துவிட்டது. அந்தச் சிறு தாமதத்தால் வெடிப்பின் முழு விசையும் முன்னால் சென்ற பழுப்புக் காரைத் தாக்கியது. அது சாலையைவிட்டுத் தூக்கியெறியப்பட்டு ஒலிவ மரங்களுக்கிடையே விழுந்தது. உள்ளேயிருந்த மூவரும் அக்கணமே இறந்தார்கள். வெள்ளைக் கார் பிளந்தெழுந்த சாலையின் சுவரில் மோதியது. ஃபால்கோனே ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் இறந்தார். பிரான்செஸ்கா அன்றிரவு. பின்னிருக்கையிலிருந்த ஓட்டுநர் பிழைத்தார். நீலக் காரிலிருந்த மூவரும் காயங்களோடு பிழைத்தார்கள்.

இன்று அவ்விடத்தில் சாலையின் இருபுறமும் உயரமான செந்நிறத் தூண்கள் இரண்டு நிற்கின்றன. நாளும் ஐந்து பெயர்களும் பொறிக்கப்பட்டிருக்கின்றன. மேலே குன்றில், விசை அழுத்தப்பட்ட இடத்திலுள்ள சிறு வெள்ளைக் கட்டடத்தில் 'மாஃபியா வேண்டாம்' என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் இவையெல்லாம் பார்வையில் தங்கும் நேரம் சில நொடிகள். கைப்பேசியில் விடுதியின் கடவுச்சொல்லைத் தேடிக்கொண்டிருப்பவருக்கு அதுவும் இல்லை.

நான் முதலில் பலெர்மோவுக்குச் சென்றது 2017இல். அப்போது விமான நிலைய ரயில்பாதை பணிகளுக்காக மூடப்பட்டிருந்தது. 2018 இறுதியில்தான் திரும்பத் திறந்தார்கள். உடன் வந்த மாமியாருக்கு முழங்கால் வலி. ஆகவே கார் முன்பதிவு செய்தோம். என் பெயரில் இரண்டு எழுத்துகளை விழுங்கிய அட்டையோடு ஒருவர் நின்றார். குளிர்ந்த தண்ணீர் கொடுத்தார். கார் ஓசையின்றி ஓடியது. நான் அலுவலக மடல் ஒன்றுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தேன். மறுநாள் சான் தொமேனிக்கோ தேவாலயத்தில், 2015இல் அங்கே மாற்றி அடக்கப்பட்ட ஃபால்கோனேயின் கல்லறைமுன் நின்றபோதுதான், முந்தின நாள் எதைக் கடந்து வந்தேன் என்பது உறைத்தது. இத்தனைக்கும் ஃபால்கோனே யார் என்று தெரியாதவனல்லன். அவர்களுடைய பெருவழக்கைப் பற்றி, 1986இல் உச்சியார்தோனே சிறையருகே குண்டு துளைக்காத கான்கிரீட் நீதிமன்றம் கட்டி 475 பேரைக் கூண்டிலேற்றிய அந்த வழக்கைப் பற்றி, இரவு கண்விழித்துப் படித்தவன். படித்தவன் கண்ணாடிக்கு வெளியே பார்க்கவில்லை. மாமியார் பார்த்திருக்கிறார். "அது என்ன மாப்பிள்ளை, ரோட்டோரத்துல செவப்பா தூண் ஒண்ணு?" என்று அன்றைக்கே கேட்டாராம். நான் "ஏதோ விளம்பரம் அத்தை" என்றேனாம்.

அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

ஆனால் கூச்சத்தோடு விஷயம் நின்றுவிடவில்லை. அப்படி ஒரு பதிலைச் சொல்லவைக்கும் ஏற்பாடு ஒன்று இருக்கிறது. 'விமான நிலைய மாற்றுப்பயணம்' என்று இவர்கள் விற்கும் சரக்கின் சாரம் என்ன? வாசலிலிருந்து வாசலுக்கு, தடங்கலின்றி, கவலையின்றி. விளம்பரங்கள் எல்லாவற்றிலும் இந்த மூன்றுதான். நடுவிலுள்ள நிலம் ஒரு தொல்லை. அதை எவ்வளவு குறைவாக உணரவைக்கிறார்களோ அவ்வளவு நட்சத்திரம். வரலாற்றுப் பெருமை மிக்க நகரத்துக்கு வருகிறோம் என்று பெருமையடித்துக்கொண்டு, வரலாறு விடுதி வாசலில்தான் தொடங்குகிறது என்று நம்ப நாம் பணம் கொடுக்கிறோம். கார் வாடகையில் பாதி போக்குவரத்துக்கு. மறுபாதி இந்த நம்பிக்கைக்கு.

கார் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். அந்த வகை அறச்சீற்றத்தில் எனக்கு மரியாதை குறைவு. முதியவர்களுக்கும் கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் நள்ளிரவில் இறங்குபவர்களுக்கும் கார்தான் சரி. பேருந்திலும் ரயிலிலும் வந்தால் ஆன்மா மேம்படும் என்பதும் மூடநம்பிக்கையே. ரயிலும் கரீனி, கபாச்சி, ஈசொலா தெல்லே ஃபெம்மினே வழியாகத்தான் வருகிறது, அதிலும் எல்லோரும் கைப்பேசியைத்தான் பார்க்கிறார்கள். பழைய பயணிகளைப் புனிதப்படுத்துவதும் எனக்கு உவப்பில்லை. கெதே 1787 ஏப்ரல் 2 அன்று பலெர்மோவுக்கு வந்தது கப்பலில். வழியில் பெரும்பாலும் கடல்நோயில் படுத்தே கிடந்தார். இத்தாலியின் தரைவழிகளில் அவரும் ஓட்டுநரோடு கூடிய வாடகை வண்டியில்தான் போனார். இன்றைய கறுப்புக் காரின் பாட்டன் அந்தக் குதிரைவண்டிதான். வண்டியில் குற்றமில்லை. (டாக்சிக்காரர்களுக்கும் இந்த முன்பதிவுக் கார்க்காரர்களுக்கும் இத்தாலியில் ஓயாமல் நடக்கும் வழக்குகளைப் பற்றி எழுதத் தொடங்கினால் இக்கட்டுரை முடியாது. இருவரையும் பிரிக்கும் சட்டம் பிறந்தது 1992 ஜனவரியில் என்பதை மட்டும் ஒரு தற்செயலாகக் குறித்துவைக்கிறேன்.)

சொல்லப்போனால், பேருந்தாலும் ரயிலாலும் முடியாத ஒன்று தனிக் காரால் முடியும். அது நிற்கும். ஓட்டுநரிடம் ஒரு வார்த்தை சொன்னால் கபாச்சியில் நெடுஞ்சாலையைவிட்டு இறங்கும். வெடித்த இடத்தின் அருகே, சாலைக்குக் கீழே, காவலர்கள் நினைவாக ஒலிவ மரங்கள் நட்ட தோட்டம் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் குவார்த்தோ சவோனா குயின்திச்சி. ஃபால்கோனேயின் காவலணிக்கு வானொலியில் வழங்கிய குறிப்புப்பெயர் அது. அந்தப் பழுப்புக் காரின் நசுங்கிய மிச்சத்தைக் கண்ணாடிப் பேழையில் வைத்து, மொந்தினாரோவின் மனைவி பள்ளி பள்ளியாக, ஊர் ஊராகக் காட்டிவருகிறார். அதன் தூரமானி 100287 கிலோமீட்டரில் நின்றிருந்தது. ஆக, நம் கையிலிருப்பது நிற்கக்கூடிய வண்டி. அந்த ஒன்றைத்தான் நாம் செய்வதில்லை. தனிமைக்குக் காசு கொடுத்தோம், அந்தத் தனிமையைக் கொண்டு என்ன செய்யலாம் என்று யோசிக்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு.

இதற்கு வரக்கூடிய மறுப்புகள் எனக்குத் தெரியும். வலுக் குறைந்தது முதலில். விடுமுறைக்கு வந்தவனை ஏன் பிறர் துக்கத்தில் இழுக்கிறாய்? சரி, இழுக்கவில்லை. ஆனால் அதே விடுமுறைக்காரர் நகருக்குள் என்ன செய்கிறார் என்று பாருங்கள். கடைகளில் 'காட்ஃபாதர்' பனியன், துப்பாக்கிக் குல்லாக்காரன் பொம்மை, வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டும் மாஃபியாக் காந்தம். மாஸிமோ அரங்கின் படிக்கட்டில் மூன்றாம் பாகத்தில் அல் பசீனோ கதறிய இடத்தில் நின்று படம். அந்தப் படம் வெளிவந்தது 1990இல். அப்போது அந்த அரங்கு ஓர் இசை நாடகம் கூட நடக்காமல் பூட்டிக் கிடந்தது. சிறு மராமத்து என்று 1974இல் மூடியது, திறக்க 1997 ஆயிற்று, 23 வருடம். ஒரு நகரத்தின் இசையரங்கு ஒரு தலைமுறைக்காலம் மூடிக் கிடக்குமளவுக்கு அதன் நிர்வாகம் எதனால் அழுகியிருந்தது என்று படிக்கட்டில் நிற்பவர் கேட்பதில்லை. எனவே, துக்கம் வேண்டாம் என்பவர் மாஃபியாவே வேண்டாம் என்று சொல்லவில்லை. கொன்றவர்களின் கதை வேண்டும், செத்தவர்களின் பெயர் வேண்டாம் என்கிறார். குளிர்பெட்டியில் ஒட்டும் காந்தத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சாலையோரம் அடையாளமாக வைத்த அந்தக் குளிர்பெட்டி நினைவுக்கு வருகிறது. மிகைதான். ஆனால் வருகிறது.

இரண்டாம் மறுப்பு இதைவிட நேர்மையானது. சிசிலியர்களே இந்தப் பேச்சால் சலித்துவிட்டார்கள். ஆயிரம் ஆண்டுப் பண்பாடு கொண்ட தீவை வந்திறங்கியதுமே மாஃபியா என்ற ஒற்றைச் சொல்லால் அளப்பது அவமதிப்பு. இதில் உண்மை உண்டு. ஆனால் நெடுஞ்சாலையில் எழுதியிருக்கும் ஐந்து பெயர்களும் மாஃபியாவின் பெயர்களா? இத்தாலியின் தெற்கிலிருந்து வந்த எளிய குடும்பத்துப் பிள்ளைகள் மூவர், நீதிபதிகள் இருவர். சிசிலியை மாஃபியாவாகப் பார்க்காதே என்பவர் முதலில் காட்டவேண்டிய இடமே அதுதான். விமான நிலையம் இருக்கும் சீனிசி ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பெப்பீனோ இம்பஸ்தாத்தோ என்றொரு இளைஞன் இருந்தான். தந்தைக்கு மாஃபியாத் தொடர்பு. மகன் அதை எதிர்த்து, விமான நிலையத்தின் மூன்றாம் ஓடுபாதைக்காக நிலம் பறிக்கப்பட்ட குடியானவர்களோடு நின்றான். சிறு வானொலி ஒன்றைத் தொடங்கி ஊர்த் தலைவன் கயெத்தானோ பதலமேந்தியைப் பெயர் சொல்லிக் கேலி செய்தான். அவனுடைய வீட்டுக்கும் பதலமேந்தியின் வீட்டுக்கும் இடைவெளி நூறு காலடி. பின்னாளில் அதுவே ஒரு திரைப்படத்துக்குப் பெயராயிற்று. 1978 மே 9 அதிகாலையில் அவன் உடலை இருப்புப்பாதையில் வெடிவைத்துச் சிதறடித்தார்கள். குண்டு வைக்கப் போய்ச் செத்த தீவிரவாதி என்றது காவல்துறை. அதே நாளில் ரோமில் அல்தோ மோரோவின் பிணம் கிடைத்ததால் நாடு இவனைக் கவனிக்கவே இல்லை. அவன் தாயும் தம்பியும் விடாமல் போராடி, பதலமேந்திக்கு ஆயுள்தண்டனை வாங்க 2002 ஆயிற்று. நாம் பெட்டிக்காகக் காத்து நிற்கும் அந்த நிலையம் இருப்பது இந்த ஊரில். இதுவும் சொல்லிக்கொள்ளும்படியாக ஏதுமில்லாததில் சேர்த்திதானா?

மூன்றாம் மறுப்புதான் என்னைத் தூங்கவிடாதது. அது என் ஆதர்ச எழுத்தாளர் ஒருவரிடமிருந்து வருகிறது. லெயொனார்தோ ஷாஷா. மாஃபியா என்று ஒன்றே இல்லை என்று அரசியல்வாதிகள் மேடையில் சொல்லிக்கொண்டிருந்த 1961இல் அதைப் பற்றி நாவல் எழுதியவர். அதே ஷாஷா 1987 ஜனவரியில் ஒரு நாளிதழில் கட்டுரை எழுதினார். மாஃபியா எதிர்ப்பே ஒரு தொழிலாகிவிட்டது, அதைக் கேள்விகேட்பவனைத் துரோகி என்பார்கள் என்றார். எடுத்துக்காட்டாக அவர் சுட்டியவற்றில் ஒன்று பொர்செல்லீனோவின் பதவியுயர்வு. ஐந்தே ஆண்டுகளில் அதே பொர்செல்லீனோ தாமெலியோ தெருவில் ஐந்து காவலர்களோடு வெடித்துச் சிதறினார். ஷாஷா அதைக் காண உயிரோடு இல்லை, 1989இலேயே மறைந்துவிட்டார். இருவரும் பின்னர் சந்தித்துச் சமாதானம் ஆனார்கள் என்பது ஓர் ஆறுதல். தனிமனிதர் விஷயத்தில் ஷாஷா தவறினார் என்றே நினைக்கிறேன். போக்கைக் குறித்த அவருடைய ஐயம் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. நினைவுச்சின்னம், ஆண்டுவிழா, மலர்வளையம், அமைச்சரின் கார் அணிவகுப்பு எல்லாம் நடிப்பாகிவிடக்கூடியவை. கபாச்சித் தோட்டத்தில் நின்று தற்படம் எடுக்கும் பயணியும் காந்தம் வாங்கும் பயணியும் ஒரே ஆளாக இருக்கலாம்.

இருக்கட்டும். ஆனால் ஷாஷாவின் ஐயம் பார்த்தவனுக்குரியது. பார்த்துப் பார்த்து, கேட்டுக் கேட்டு, சொற்கள் தேய்வதை உணர்ந்தவனின் கசப்பு அது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவன் அந்தக் கசப்பை இரவல் வாங்க முடியாது. நினைவு நடிப்பாகிவிடும் என்று அஞ்சுபவன் முதலில் நினைவுகொள்ள எதையாவது தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அந்தச் சாலையில் பார்க்க வேண்டியது குண்டுவெடித்த இடம் மட்டுமில்லை. நகரை நெருங்கும்போது இருமருங்கும் எழும் அடுக்குமாடிக் கான்கிரீட்டைப் பயணிகள் அசிங்கம் என்று முகம் சுளித்துக் கடக்கிறார்கள். கட்டுரைகளில் அதற்கும் இடமில்லை. பொற்கிண்ணம் என்று பெயர்பெற்ற ஆரஞ்சு, எலுமிச்சைத் தோப்புகளின் மேல் எழுந்தவை அவை. சால்வோ லீமா மேயராகவும் வீத்தோ சான்ச்சிமீனோ பொதுப்பணிப் பொறுப்பிலும் இருந்த காலத்தில் கட்டட அனுமதிகள் கட்டுக்கட்டாக வழங்கப்பட்டன. அதைப் பலெர்மோவின் கொள்ளை என்றே வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். எர்னெஸ்தோ பசீலே கட்டிய வில்லா தெலியெல்லா என்ற அழகிய மாளிகையை 1959 நவம்பர் இறுதியில் ஒரு சனிக்கிழமை இரவோடு தகர்க்கத் தொடங்கினார்கள். பல பத்தாண்டுகள் அந்த மனை கார் நிறுத்துமிடமாகக் கிடந்தது. மாஸிமோ அரங்கைக் கட்டிமுடித்தவரும் இதே பசீலேதான். தகப்பனார் தொடங்கிய வேலையை மகன் முடித்தார். அரங்கின் முன் படம் எடுப்பவர், அதே கலைஞரின் இன்னொரு படைப்பு எங்கே போயிற்று என்பதற்கான பதிலை விமான நிலையச் சாலையிலேயே கடந்து வந்திருக்கிறார். அசிங்கமான புறநகரும் அழகான மையமும் ஒரே வாக்கியத்தின் இரண்டு பகுதிகள். முதல் பகுதியைக் கிழித்துவிட்டு இரண்டாவதை மட்டும் ரசிக்கிறோம்.

அந்தச் சாலையை வேறு யார் கூர்ந்து பார்த்தார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். கொலைகாரர்கள் பார்த்தார்கள். நாட்கணக்கில் குன்றில் உட்கார்ந்து, வேறு காரை ஓடவிட்டு ஒத்திகை பார்த்து, எந்த மரத்துக்கும் எந்தக் கம்பத்துக்கும் எவ்வளவு நொடி என்று கணக்கிட்டார்கள்.

2023இல் மறுபடி போனேன். இம்முறை ரயில் ஓடியது. ஆனாலும் வேண்டுமென்றே கார் பதிவு செய்தேன். விமான நிலையத்திலேயே ஓட்டுநரிடம் கபாச்சியில் இறங்க வேண்டும் என்றேன். நாற்பதுகளின் நடுவில் இருப்பார். கண்ணாடியில் ஒருமுறை என்னைப் பார்த்தார். பத்திரிகையாளரா என்றார். இல்லை என்றேன். அதற்குப்பின் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு அவராகவே சொன்னார்: அன்று தமக்குப் பள்ளிக்கூட வயது என்றும், மாமா வீட்டில் இருந்ததாகவும், சத்தம் கேட்டு நிலநடுக்கம் என்று பெரியவர்கள் வெளியே ஓடியதாகவும். பயணிகளில் யாராவது கேட்பார்களா என்றேன். கேட்பார்கள், கொர்லியோனே எவ்வளவு தூரம் என்று கேட்பார்கள் என்றார். (படத்தின் சிசிலிக் காட்சிகள் கொர்லியோனேயில் எடுக்கப்படவில்லை. எடுத்தது தீவின் மறுகோடியில், சவோக்காவிலும் ஃபோர்ட்சா தக்ரோவிலும். அதையும் அவரேதான் சொன்னார், சலிப்போடு.) தோட்டத்தில் அரை மணி நேரம் நின்றோம். மேலே சாலையில் வண்டிகள் இடைவிடாமல் போய்க்கொண்டிருந்தன. விடுதி வாசலில் காத்திருப்புக் கட்டணத்தைக் கணக்காகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அதில் பிழையேதும் இல்லை. அவர் பிழைப்பு அது, என் தீர்த்தயாத்திரைக்கு அவர் ஏன் மானியம் தரவேண்டும்?

தீர்த்தயாத்திரை என்ற சொல்லைப் பயன்படுத்தியதால் ஒன்றைச் சேர்க்கிறேன். பலெர்மோவில் எண்பதுகள் முதல் குடியேறிய ஈழத்தமிழர்கள் கணிசமாக வாழ்கிறார்கள். சைவரும் கத்தோலிக்கரும் சேர்ந்து மொந்தே பெல்லெக்ரீனோ மலைமேல் உள்ள புனித ரொசாலியாவின் குகைக்கோயிலுக்கு ஏறிச்செல்கிறார்கள். நகரின் காவல்தாய் இன்று நம்மவர்க்கும் தாய். அவர்களில் ஒரு பெரியவரைப் பல்லரோவில் சந்தித்தேன். முப்பது வருடமாக விமான நிலையத்துக்கு ஆட்களைக் கூட்டிவரப் போய்வருகிறார். கபாச்சித் தூண்களைக் கேட்டதும், "அதைக் கடக்கேக்க நான் ரேடியோவை நிப்பாட்டிப்போடுவன் தம்பி. உறவுச்சனம் ஏனெண்டு கேட்டால் சொல்லுவன். கேக்காட்டி விட்டிடுவன்" என்றார். சண்டையால் ஊரைவிட்டு வந்தவர். தன் நாட்டில் செத்தவர்களுக்குத் தூண் வைக்க முடியாமற்போன கதையையும் அதே மூச்சில் சொன்னார். அதற்குமேல் நான் எதுவும் கேட்கவில்லை.

நண்பருக்கு வருகிறேன். வரும் அக்டோபரில் அவர் குடும்பத்தோடு மீண்டும் சிசிலிக்குப் போகிறார் என்றும், கார் பதிவாகிவிட்டது என்றும் அறிகிறேன். நல்லது. கபாச்சி வெளியேற்றத்தில் இறங்கச் சொல்லுங்கள், அரை மணி நேரம் போதும், காத்திருப்புக் கட்டணத்தைப் பேரம் பேசாதீர்கள். பிள்ளைகள் அந்தத் தூண் என்னவென்று கேட்டால் என்னைப்போல் பதில் சொல்லாதீர்கள். திரும்பி வந்து அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி, கடலைமாவு வில்லைக்குக் கொடுத்த அளவுக்காவது எழுதுங்கள். எழுதினால் உங்களைப் பற்றி இங்கே சொன்னதையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். பஜ்ஜியைப் பற்றியதை மட்டும் திரும்பப் பெறுவதாக இல்லை.